ஒன்றரை மணி நேரம், ஒரு பியானோ: ஃபெல்ட்மனைக் கேட்கப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: மதுரையில் ஒரு கல்லூரி அரங்கில் அடுத்த மாதம் ஒரு பியானோ கலைஞர் தனியாக உட்கார்ந்து அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனின் 'ட்ரையாடிக் மெமரீஸ்' என்ற ஒரே படைப்பை ஒன்றரை மணி நேரம் இடைவேளை இல்லாமல் வாசிக்கப் போகிறார். கேட்டவர் கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர். யூடியூபில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் மனசு வரவில்லை" என்கிறார். எழுபது தாண்டிய அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா, எதைக் கவனித்துக் கேட்பது, இதுவும் ஆலாபனை மாதிரிதானா என்று கேட்டிருக்கிறார்.

போங்கள். அப்பாவையும் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் இருபது வருஷத்துக்கு மேலாக மதுரையிலும் திண்டுக்கல், கொடைக்கானல் பக்கமும் சர்ச்சுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இருக்கிற பியானோக்களை டியூன் செய்து வருகிறேன். இதே படைப்புக்காக ஒரு தடவை ஒரு பியானோவைத் தயார் செய்து கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் எத்தனையோ ராத்திரி கேட்டாயிற்று. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஆலாபனை விஷயம். அந்த எண்ணத்தோடு போனால் இருபது நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும். ஆலாபனையில் பாடகர் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவார், கீழ் ஸ்தாயியில் நின்று, நடுவில் உலாவி, மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது நமக்கும் மூச்சு மேலே ஏறும், ஒவ்வொரு பிடியும் அடுத்த பிடிக்குப் படியாக இருக்கும். இங்கே படி கிடையாது. முதல் நிமிடத்தில் எவ்வளவு மெல்லிசாகக் கேட்கிறதோ ஏறக்குறைய அதே அளவில்தான் கடைசி நிமிடத்திலும் கேட்கும். தாளம் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். தாளில் அளவு எழுதித்தான் இருக்கிறது, வாசிக்கிறவர் எண்ணி எண்ணித்தான் வாசிக்கிறார், ஆனால் கேட்கிறவர் தொடையில் தட்டுவதற்கு அதில் ஒரு பிடி கிடைக்காது.

அப்படியானால் எதைக் கேட்பது? சுரம் அடங்குவதைக் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டினதும் சுரம் பிறக்கிறது, பிறந்த கணத்திலிருந்தே தேய ஆரம்பிக்கிறது. அந்தத் தேய்வுக்குள்தான் வீணைக்காரர் கம்பியை இழுத்துக் கமகம் கொடுக்கிறார், நல்ல கையாக இருந்தால் ஒரே மீட்டில் மூன்று நான்கு சுரம் வாங்கிவிடுவார். பியானோவில் அது நடக்காது. கட்டையை அழுத்தினதும் உள்ளே கம்பளி சுற்றின சுத்தியல் ஒன்று கம்பியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு உடனே பின்னால் விழுந்துவிடும். அதற்கப்புறம் அந்தச் சுரத்தை வளைக்க முடியாது, அசைக்க முடியாது, பெரிதாக்க முடியாது. வாசிக்கிறவர் கையில் மிச்சம் இருப்பது எப்போது நிறுத்துவது என்பது மட்டும்தான். நம் ஆட்கள் பியானோவைக் கமகம் வராத வாத்தியம் என்று ஒதுக்குவது இதனால்தான், அது நியாயமான குறையும்கூட. ஃபெல்ட்மன் அந்தக் குறையையே எடுத்து அதன் மேல் முழுப் படைப்பையும் கட்டினார். சுரத்தைத் தட்டி விட்டுவிட்டு, அது தானாகக் கரைவதை நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுகிறார்.

எல்லாச் சுரமும் ஒரே மாதிரி கரையாது, அரங்கில் இதை நன்றாகவே கவனிக்கலாம். அடி ஸ்தாயியில் இருப்பது செப்புக் கம்பி சுற்றின தடித்த, நீளமான கம்பி. ஒரு தட்டுத் தட்டினால் இருபது விநாடி தாண்டியும் உள்ளுக்குள் உறுமிக்கொண்டிருக்கும். உச்சியில் இருக்கிற கம்பி ஒரு விரல் நீளம்தான், தட்டின உடனே போய்விடும். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் மேலே இருந்தது முதலில் மறையும், கீழே இருந்தது நிற்கும், நிற்கும்போதே அதன் நிறம் மாறும். அப்புறம் பெடல். வலது பக்கப் பெடலை முழுசாக அழுத்தினால், கம்பிகளை அமுக்கி வைத்திருக்கிற கம்பளித் துண்டுகள் எல்லாம் மேலே தூக்கிக்கொள்ளும், விட்டால் சட்டென்று விழுந்து சத்தத்தை அடக்கிவிடும். இந்தப் படைப்பில் பெடலைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். கம்பளி கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். போன சுரம் முழுசாகப் போகாது, சாம்பிராணி போட்ட அறையில் புகை கலைந்த பிறகும் வாசனை இருக்கிற மாதிரி அடுத்த சுரத்துக்குப் பின்னால் கொஞ்சம் நின்றுகொண்டிருக்கும். அரைப் பெடல் பிடிக்கத் தெரியாதவர் வாசித்தால் ஒன்று வறண்டு போகும், இல்லாவிட்டால் கலங்கிப் போகும்.

இவ்வளவு மெல்லிசாக வாசிப்பதில் இருக்கிற கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "மெதுவாகத்தானே தட்டுகிறார், இதில் என்ன வித்தை" என்றுதான் தோன்றும். பியானோவின் சுத்தியல், கம்பிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும், மிச்சத் தூரத்தைத் தன் வேகத்தில்தான் கடக்க வேண்டும். கட்டையை ரொம்ப மெதுவாக அழுத்தினால் வேகம் போதாமல் கம்பியை எட்டாமலே திரும்பிவிடும், சத்தமே வராது. கொஞ்சம் வேகம் கூடினால் சுரம் குத்திக்கொண்டு வெளியே நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஒரே பகுதியை மூன்று தடவை, நான்கு தடவை, ஏழு தடவை என்று எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டும். தோளும் முன்கையும் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்; ஒரு பியானோவில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் கம்பிகளை ஒரே மதியத்தில் முறுக்கி வைக்கும்போதே என் தோள் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

ஃபெல்ட்மன் 1926-ல் நியூயார்க்கில் பிறந்தவர். நாற்பது வயது தாண்டும் வரை குடும்பத்தின் துணி வியாபாரத்தில், குழந்தைகளுக்குக் கோட்டு தைக்கிற தொழிலில் வேலை பார்த்துக்கொண்டே இசை எழுதினார். 1950-ல் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருடன் பழக்கம் ஏற்பட்டது, 1973-லிருந்து பஃபலோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1987-ல் இறந்தார். கடைசிப் பத்து வருஷத்தில்தான் அவர் படைப்புகள் நீண்டுகொண்டே போயின. 1983-ல் எழுதின இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை, அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கான படைப்பை, முழுசாக வாசித்தால் ஆறு மணி நேரம் வரை ஆகும். 'ட்ரையாடிக் மெமரீஸ்' 1981-ல் எழுதினது, ரோஜர் வுட்வர்ட், அக்கி தகஹாஷி என்ற இரண்டு பியானோ கலைஞர்களுக்காக. வாசிக்கிறவரைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலும் முடியும், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியும் போகும்.

இவரை மினிமலிசம், அதாவது சின்ன உருவங்களையே திரும்பத் திரும்ப வாசிக்கிற பாணி, என்ற பெட்டியில் போட்டுத்தான் விளம்பரம் செய்வார்கள், அதில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். மினிமலிசம் என்றவுடன் வருகிற பெயர்கள் லா மான்ட் யங், டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைக், ஃபிலிப் கிளாஸ். அவர்களில் சிலருக்கு நம் பக்கத்து இசையோடு நேரடித் தொடர்பு உண்டு: கிளாஸ் 1960-களில் பாரிஸில் ரவிசங்கரோடு வேலை செய்தார், யங்கும் ரைலியும் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடர்களாக இருந்தார்கள். ரைக்கையோ கிளாஸையோ கேட்டால் உள்ளே ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும், நம் காது அதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ஃபெல்ட்மனிடம் அந்தத் துடிப்பு இல்லை. திரும்பத் திரும்ப வருகிறது என்பது மட்டும்தான் பொதுவான அம்சம், வருகிற விதம் வேறு.

ட்ரையட் என்றால் மூன்று சுரங்கள் சேர்ந்த கொத்து. தலைப்பில் இருக்கிற மெமரீஸ், அதாவது நினைவுகள் என்ற சொல்தான் முக்கியம். ஆரம்பத்தில் இரண்டு கைகளும் ரொம்பத் தள்ளித் தள்ளி இருந்து மாறி மாறி ஒரு சின்ன உருவத்தைத் தட்டும், அதுவே திரும்ப வரும், ஸ்தாயி மட்டும் மாறும், ஒரு சுரம் விலகும். பிறகு ஓரிடத்தில் சுரக் கொத்துகள் வரிசையாக வரும். ஒரு கொத்து சில தடவை, அடுத்த கொத்து வேறு எண்ணிக்கையில், அப்புறம் பழையதே கொஞ்சம் மாறி. நாலைந்து கொத்து தாண்டுவதற்குள் இது முன்னால் வந்ததா, இப்போதுதான் வருகிறதா என்று மனசு தடுமாறும். அது உங்கள் கவனக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நினைவைத் தடுமாற வைக்கவே அப்படி எழுதினதாக ஃபெல்ட்மன் ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார், பெர்லின் தெருக்களில் நடக்கிற மாதிரி, எல்லாக் கட்டடமும் ஒன்று போலவே தெரியும், ஆனால் ஒன்று அல்ல என்று.

நமக்கு பெர்லின் தேவையில்லை. வெளியூரிலிருந்து வருகிற உறவுக்காரரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கிழக்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவார், பிராகாரம் சுற்றுவார், பொற்றாமரைக் குளத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒரு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தால் அது தெற்காக இருக்கும். வெளியே வந்த பிறகும் சித்திரை வீதி நாலு பக்கமும் ஒன்று போலவே நீண்டு கிடக்கும், அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. வழி தவறின அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் கோபுரத்தை நிஜமாகவே பார்ப்பார்: எந்தப் பொம்மை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எது உயரம் என்று. இந்த இசைக்குள் இருபதாவது நிமிடத்திலிருந்து ஐம்பதாவது நிமிடம் வரை உங்கள் நிலைமை அதுதான். வழியைத் தேடுவதை விட்டுவிட்டால் எதிரில் இருக்கிற கொத்து ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க ஆரம்பிக்கும்.

ஃபெல்ட்மனுக்குத் துருக்கிக் கம்பளங்கள் மேல் பெரிய மோகம் இருந்தது, வாங்கிச் சேர்த்தார், அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதாக எழுதியும் இருக்கிறார். நாடோடிகள் நெய்கிற கம்பளத்தில் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாயத்தில் முக்குவார்கள், அதனால் ஒரே சிவப்பு என்று நினைத்துப் பார்க்கிற இடத்தில் ஒரு சாண் தாண்டினதும் சிவப்பு லேசாக மாறியிருக்கும். அதை அங்கே அப்ரஷ் என்பார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுங்குடிதான் ஞாபகம் வந்தது. அச்சுப் போட்ட சுங்குடியைச் சொல்லவில்லை, இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான். கையால் முடிச்சுப் போட்ட பழைய சுங்குடி. சௌராஷ்டிர வீடுகளில் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்து முடிச்சை அவிழ்ப்பார்கள். அவிழ்த்ததும் புள்ளி வரும். என் அம்மாவிடம் அரக்குச் சிவப்பில் அப்படி ஒன்று இருந்தது. அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்: ஒவ்வொரு புள்ளியும் நடுவில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டோடு இருக்கும், சுற்றி வெள்ளை வளையம், வளையத்தின் ஓரத்தில் நூல் இறுகின இடத்தில் ஒரு கிழிசல் மாதிரி சாயம் உள்ளே கசிந்திருக்கும். இரண்டு புள்ளி ஒன்றாக இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

அந்தக் கச்சேரியில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். பியானோவில் நடு ஸ்தாயியிலிருந்து மேலே ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பி. மூன்றும் இம்மி பிசகாமல் ஒன்றாக நின்றால் ஒரே சுரமாகக் கேட்கும், ஒன்று சற்று நழுவினாலும் சுரத்துக்குள் 'உவ்… உவ்…' என்று ஒரு அலை அடிக்கும். சாதாரணக் கச்சேரியில் அலை அடிப்பதற்குள் அடுத்த சுரம் வந்து மூடிவிடும், யாருக்கும் தெரியாது. இந்தப் படைப்பில் மூடுவதற்கு எதுவும் வராது. அதனால் அன்று காலையிலிருந்து ரப்பர் ஆப்பை வைத்து இரண்டு கம்பியை அடைத்து ஒன்று ஒன்றாகச் சேர்த்தேன், சத்தம் கூர்மையாக இருந்த சுத்தியல்களின் கம்பளியை ஊசியால் குத்தி இளக்கினேன், அடியில் அந்துப்பூச்சி அரித்த இடங்களைச் சரிபார்த்தேன், சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது. மேடை விளக்குகளைப் போட்டு இரண்டு மணி நேரம் ஆனது. பலகையும் கம்பியும் சூடேறின. கச்சேரி தொடங்கி இருபத்தைந்து நிமிடம் இருக்கும், நடு ஸ்தாயியில் ஒரு சுரத்தில் அலை கேட்டது. ரொம்ப மெதுவான அலை, மூன்று விநாடிக்கு ஒன்று. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அது வந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் வாசித்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கும் கேட்டிருக்கிறது, அந்தச் சுரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் மெல்லிசாகத் தொட்டுக்கொண்டே போனதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒருவர், "அதுவும் ஒரு அழகுதான் சார், கம்பளத்தில் நிறம் மாறுகிற மாதிரி" என்றார். நல்ல மனசோடு சொன்னார், ஆனால் நான் அதை ஏற்கவில்லை. சாயம் போடுகிறவருக்கு நிறம் மாறும் என்று தெரியும், தெரிந்துதான் அடுத்த நூலை முக்குகிறார். எனக்கு நடந்தது கம்பியை முறுக்கிப் பிடிக்கிற முளை இறுகாமல் போன பிழை. இப்போது விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகுதான் கடைசி டியூனிங் செய்கிறேன்.

சரி, உங்களுக்கு வேண்டிய நடைமுறை விஷயங்கள். போவதற்கு முன்னால் ஒரு தடவை அவருடைய 'பலே டி மாரி'யைக் கேளுங்கள். 1986-ல் எழுதினது, அவருடைய கடைசிப் பியானோ படைப்பு, ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல், தெரு அடங்கின பிறகு, ஹெட்போனில் கேளுங்கள், கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். இரண்டு நிமிடத்தில் காது தானாக இறங்கி வந்துவிடும்.

நீளத்தை நினைத்து அப்பா பயப்படமாட்டார் என்றே நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்த தலைமுறை அவர். மதுரை சோமுவைக் கோயில் கச்சேரிகளில் நேரில் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அங்கெல்லாம் நடுவில் எழுந்து டீ குடித்துவிட்டு வரலாம், பக்கத்தில் இருப்பவரிடம் "ஆஹா" என்று சொல்லலாம், தலையை ஆட்டலாம். இங்கே நாற்காலி கிறீச்சிட்டால் அரங்கம் முழுக்கக் கேட்கும். ஓரத்து நாற்காலியாகப் பார்த்து அவரை உட்கார வையுங்கள், முடியாவிட்டால் எழுந்து போவது தப்பே இல்லை, ஒரு கொத்து முழுசாக அடங்கின இடைவெளி பார்த்து எழுந்தால் போதும். இருமல் மிட்டாய் வைத்திருந்தால் காகிதத்தை முன்னாலேயே பிரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பசியோடு போக வேண்டாம்.

விரல்களைப் பார்க்க வேண்டுமென்றால் அரங்கின் இடது பக்கம் உட்காருங்கள். சுரம் கரைவதைக் கேட்க வேண்டுமென்றால் நடுவிலிருந்து சற்று வலது பக்கம், பியானோ மூடி திறந்திருக்கிற திசை. நான் வலது பக்கம்தான் சொல்வேன்.

ஃபேன் சத்தம் ஒரு பெரிய விஷயம். நடத்துகிறவர்களைத் தெரியுமென்றால் இப்போதே பேசி வையுங்கள். சீலிங் ஃபேன் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருந்தால் அதுவே தாளமாகிவிடும், காது அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஏசியின் ஒரே சீரான இரைச்சல் பரவாயில்லை, பத்து நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும். வெளியே பஸ் ஹார்ன் அடிக்கும், எங்கேயாவது மைக் செட் பாடும், அதற்கெல்லாம் மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வரும், போகும். நான் கேட்ட அன்றைக்கு நடுவில் பக்கத்துச் சர்ச்சில் மணி அடித்தார்கள். மணியின் ரீங்காரம் அடங்கி முடிந்த இடமும் பியானோவில் அடிச்சுரம் அடங்கி முடிந்த இடமும் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியாக, கைதட்டல். எப்போது முடிந்தது என்பது கேட்டுத் தெரியாது, ஏனென்றால் முடிகிற மாதிரி எதுவும் வராது. மங்களம் கிடையாது. கையைப் பார்க்காதீர்கள், கை பல தடவை மடிக்கு வந்து திரும்பப் போகும். காலைப் பாருங்கள். கடைசிச் சுரம் தட்டின பிறகும் வலது கால் பெடலில்தான் இருக்கும். அது மெதுவாக மேலே வரும்போது, கம்பளித் துண்டுகள் எல்லாம் ஒன்றாகக் கம்பியில் உட்காருகிற ஒரு சின்னச் சத்தம், ஈரத் துணியைத் தரையில் வைத்த மாதிரி, கேட்கும். அதற்கப்புறம் தட்டலாம்.